எதிரே ஒரு முகம் – 14: எண்ணெய் இழுக்கும் மூச்சு

“இன்னைக்காவது கண்ணு உண்டா தம்பி?”

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்காலியில் உட்காரும்போதே அண்ணாச்சி கேட்டுவிட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர், ஐந்து வாரமாக என் எதிரே உட்காருகிறவர். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. நெற்றி, மூக்கு, இடது கன்னம் முடிந்தாயிற்று. கண் இந்த வாரம் என்று எழுதியிருந்தேன்.

“உண்டு அண்ணாச்சி” என்றேன்.

தரையில் சாக்பீஸால் போட்டுவைத்திருந்த அடையாளத்தில் நாற்காலியின் நான்கு கால்களையும் பொருத்தினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களைத் தமக்குரிய கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். பார்வை வழக்கம்போலச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில். டர்பென்டைன் கிண்ணத்தை நிரப்பிவிட்டு நான் திரும்புவதற்குள் எழுந்து வந்து ஈசல் முன்னால் நின்றார். கேன்வாஸில் இருந்த தன் காக்கிச் சட்டைக் காலரை ஆள்காட்டி விரலால் தொட்டார். ஒன்றும் ஒட்டவில்லை. காதுக்கு மேலே தலைமுடியைத் தொட்டார். விரல் நுனியில் கறுப்பு.

“ரெண்டும் ஒரே நாள்ல பூசினதுதானே? காலர் காஞ்சிட்டு. முடி ஏன் காயல?”

கறுப்பு மெதுவாகத்தான் காயும் என்று சொன்னேன். ஆயில் பெயின்ட்டில் வேலை செய்கிற எல்லோரும் சொல்லும் வாக்கியம்தான். ஆனால் சொல்லும்போதே, இது பதில் இல்லை, கேள்வியையே திருப்பிச் சொல்கிறோம் என்று உறைத்தது. அந்தக் கேள்வி இந்த வாரக் கட்டுரை முழுவதையும் எடுத்துக்கொண்டது. கண்ணுக்கு வருகிறேன். முதலில் இது.

துணி காய்கிறது. நெல் காய்கிறது. மொட்டை மாடியில் வடகம் காய்கிறது. எல்லாவற்றிலும் தண்ணீர் வெளியே போகிறது, எடை குறைகிறது. வாட்டர்கலரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஆயில் பெயின்ட்டுக்கும் இதே சொல்லைப் புழங்குகிறோமே தவிர, அங்கே நடப்பது நேர் எதிர். நாம் கலந்த டர்பென்டைன் ஆவியாகிப் போய்விடும், உண்மை. ஆனால் எண்ணெய் எங்கும் போவதில்லை. அது காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறது. இழுத்த ஆக்சிஜன் எண்ணெயின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து வலையாகப் பின்னுகிறது. நிறப்பொடி அந்த வலைக்குள் மாட்டிக்கொண்டு அங்கேயே நிலைத்துவிடுகிறது. அதனால், ஒரு மெல்லிய பூச்சு ஆளி விதை எண்ணெய் இறுகும் நாட்களில் அதன் எடை கூடுகிறது!

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் தினமும் கையில் எடுத்த ஒன்று மூச்சு இழுக்கிறது என்று தெரியாமலே இருந்திருக்கிறேன். விளக்கைப் போட்டு அண்ணாச்சியின் படத்தின் முன்னால் போய் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. அந்த நெற்றியும் மூக்கும் அந்த நிமிஷம்கூட அறையின் காற்றை எடுத்துக்கொண்டிருந்தன.

எல்லா எண்ணெய்க்கும் இது வராது. ஆளி எண்ணெயில் ஏறக்குறைய பாதி லினோலெனிக் அமிலம். ஆக்சிஜன் வந்து பற்றிக்கொள்ள அதில் இடம் அதிகம். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. பற்றிக்கொள்ள அதில் கொக்கியே கிடையாது என்று சொல்லலாம். புது கிரிக்கெட் மட்டைக்கு லின்சீட் ஆயில் என்ற இந்த ஆளி எண்ணெயைப் பூசியவர்களுக்கு இது கைப்பழக்கமாகத் தெரியும்: சில நாளில் மரத்தின்மேல் ஒரு தோல் போலப் பிடித்துக்கொள்ளும். ஜன்னல் கண்ணாடிக்குத் தச்சர் வைக்கும் பழைய மக்கு, சுண்ணப்பொடியை இதே எண்ணெயில் பிசைந்ததுதான். அது கல்லாக இறுகுவதும் இப்படித்தான்.

தேங்காய் எண்ணெய் என்று எழுதியதும் ஆச்சி வந்து நிற்கிறாள். சொல்லாமல் மேலே போக முடியாது.

எனக்கு அப்போது பதினான்கு வயது. ஊர்க் கடை ஒன்றில் ஆறு ஆயில் பெயின்ட் ட்யூப் கிடைத்தன. லின்சீட் ஆயில் கிடைக்கவில்லை. எண்ணெய்தானே என்று அடுக்களையிலிருந்து ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டேன். திண்ணைத் தூணில் சாய்ந்து மூன்று நாள் மத்தியானம் ஆச்சி எனக்காக உட்கார்ந்தாள். பாம்படம் போட்டு வளர்த்த காது அவளுக்கு. பாம்படத்தை விற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. காது மடல் மட்டும் தோளைத் தொடும் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் காதின் ஓட்டைக்குள் தூணின் நிழல் தெரிந்ததை நான் பார்த்தேன், வரைந்தேன். இன்றுவரை நான் வரைந்த காதுகளில் அதுதான் நல்ல காது என்று நம்புகிறேன்.

படம் காயவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. ஆடிக்காற்றில் தெருப்புழுதி வந்து கன்னத்தில் ஒட்டியது. ஒரு கல்யாணத்துக்கு வீட்டை ஒழுங்கு பண்ணியவர்கள், இடத்தை அடைக்கிறது என்று அதைத் திருப்பிச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து எடுத்துப் பார்த்தபோது அட்டையில் முகம் பாதிதான் இருந்தது. மீதி சுண்ணாம்புச் சுவரில், மங்கலாக, இடம் வலம் மாறிப் பதிந்திருந்தது. காது முழுசாகச் சுவருக்குப் போயிருந்தது. அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்தார்கள். அதற்கடுத்த பொங்கலுக்கு ஆச்சி இல்லை. அந்த முகத்துக்கு மூச்சு இழுக்கத் தெரியாத எண்ணெயைக் கொடுத்துவிட்டேன் என்பது, இத்தனை காலம் கழித்து இந்த வாரம்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது.

எண்ணெயின் இந்தக் குணத்தை மனிதர்கள் எப்போது கண்டுகொண்டார்கள்? 15ஆம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் யான் வான் ஐக்தான் தைல ஓவியத்தைக் கண்டுபிடித்தார் என்று இத்தாலியரான வசாரி எழுதிவைக்க, அதையே நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். ஆப்கானிஸ்தானில் பாமியான் மலைக் குகைகளின் சுவரோவியங்களை ஆராய்ந்தவர்கள் 2008-ல் வேறு செய்தி சொன்னார்கள். 2001-ல் தகர்க்கப்பட்ட பெரிய புத்தர்கள் நின்ற அதே மலை. அங்கே சுமார் 7ஆம் நூற்றாண்டுப் பூச்சுகளில் உலரும் எண்ணெய் இருந்தது. கசகசா எண்ணெயாகவோ வால்நட் எண்ணெயாகவோ இருக்கலாம் என்றார்கள். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கசகசா! இன்றும் வெள்ளை நிறத்தை அரைக்கச் சில கம்பெனிகள் கசகசா எண்ணெயை எடுக்கின்றன, ஆளி எண்ணெய் அளவுக்கு அது மஞ்சளாவதில்லை என்பதால்.

மூச்சு இழுத்தால் சூடும் உண்டு. ஆக்சிஜனோடு சேரும்போது எண்ணெய் வெப்பத்தை விடுகிறது. கேன்வாஸில் மெல்லிய படலமாக இருக்கும்போது அது காற்றோடு போய்விடும். பிரஷ் துடைத்த எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் குவித்தால் சூடு உள்ளேயே தேங்கி, தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். வாசகர்களில் ஆயில் பெயின்ட் புழங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: துணியைத் தண்ணீர் டப்பாவில் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் விரித்துக் காயப்போடுங்கள். குவிக்காதீர்கள்.

இப்போது அண்ணாச்சியின் கேள்விக்கு வரலாம். காக்கிக் காலருக்கு நான் எடுத்தது அம்பர் என்ற மண் நிறம். அதில் இரும்போடு மாங்கனீசும் இருக்கிறது. மாங்கனீசு எண்ணெயைத் துரிதப்படுத்தும். ஆக்சிஜனை வேகமாகப் பிடிக்கவைக்கும். முடிக்கு எடுத்தது ஐவரி பிளாக். ஒரு காலத்தில் தந்தத்தைக் கருக்கிச் செய்தது, இப்போது எலும்புக்கரி. எண்ணெயை நிறையக் குடிக்கும். துரிதப்படுத்த அதில் எதுவும் இல்லை. ஒரே நாளில் பூசியும் காலர் முந்திக்கொண்டது, முடி பிந்திவிட்டது. ஒரு முகத்தின் ஒவ்வொரு பகுதியும் தனக்கென்று ஒரு கடிகாரம் வைத்திருக்கிறது.

பழைய ஆட்கள் ஈய வெள்ளையை விடாமல் பிடித்துக்கொண்டதற்கும் இதுவே ஒரு காரணம். ஈயமும் எண்ணெயைத் துரிதமாக இறுக்கும், இறுகியபின் எளிதில் வெடிக்காது. அது விஷம் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. லண்டன் ஓவியர் லூசியன் ஃபிராய்ட் 2011-ல் இறக்கும்வரை மனிதத் தோலுக்கு கிரெம்னிட்ஸ் வெள்ளை என்ற கனமான ஈய வெள்ளையைத்தான் நம்பினார். அவர் வரைந்த கன்னங்களில் எடை தெரிகிறதே, அதில் ஈயத்துக்குப் பங்கு உண்டு. நான் டைட்டானியம் வெள்ளையில் வேலை செய்கிறேன். அது தாமதமாகத்தான் இறுகும். எனக்கு அந்தத் தாமதம் பழகிவிட்டது.

ஓவியக் கல்லூரியில் முதல் வருஷமே சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு: அடியில் டர்பென்டைன் கலந்த மெலிந்த பூச்சு, மேலே போகப்போக எண்ணெய் கூடிய பூச்சு. மேல்பகுதி முதலில் மூச்சு இழுத்து, பாலின்மேல் ஏடு படிவதுபோல இறுகிவிடும். அடியில் எண்ணெய் கூடுதலாக இருந்தால் அது பிறகு மெதுவாக அசையும், ஏடு வெடிக்கும். விதி எனக்குத் தெரியும். அதன் உள்ளே இருந்த உயிர் இந்த வாரம்தான் தெரிந்தது.

இதையெல்லாம் சொல்லித்தர ஆள் கிடைக்காமல் தவித்தவர்களும் உண்டு. 1868-ல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். இருபது வயது ரவி வர்மாவுக்குக் கற்றுத்தர அவர் இசையவில்லை. தான் வரைவதை நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். அதற்கு முன்பே மதுரைக்காரரான அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடுவும் ஆயில் பெயின்ட் வித்தையைச் சொல்லித்தர மறுத்திருந்தார். நாயுடுவின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளைதான் ராத்திரி நேரத்தில் ரகசியமாக வந்து, தனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொடுத்தார் என்கிறார்கள் ரவி வர்மாவின் வாழ்க்கையை எழுதியவர்கள். இந்தக் கதையைப் பலமுறை படித்திருக்கிறேன். அந்த ராத்திரிகளில் பிள்ளை எதைக் காட்டியிருப்பார்? என் ஊகம்: கோடுகளையோ அளவுகளையோ ரவி வர்மாவுக்கு யாரும் காட்ட வேண்டியிருக்காது, அதை அவர் கை அறியும். எந்த நிறம் எத்தனை நாள் பொறுக்கும், எதன்மேல் எதைப் பூசலாம், எப்போது தொடக்கூடாது என்பவை பார்த்து மட்டும் வராது. ரகசியம் எண்ணெயின் கடிகாரத்தில்தான் இருந்திருக்கும். அண்ணாச்சி மாதிரி விரலால் தொட்டுப் பார்த்தால்தான் பிடிபடுகிற ரகசியம்.

இவ்வளவையும் நான் சொல்வதற்குக் காரணம், நேரில் உட்காரும் ஒரு மனிதரின் முகபாவம் இந்தத் தாமதத்தில்தான் அகப்படுகிறது என்பது.

முகபாவம் என்றால் சிரிப்பு, கோபம், துக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவரால் ஒரு சிரிப்பை இரண்டு நிமிஷம் பிடித்துவைக்க முடியாது. மூன்றாவது நிமிஷம் உதடு மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும், கண் வேறு வேலைக்குப் போயிருக்கும். இருபது நிமிஷம் கழித்து முகம் தானாக இறங்கி உட்காரும். தாடை தளரும். புருவத்தில் ஒன்று மட்டும் மேலே நிற்கும். அண்ணாச்சிக்கு வலது புருவம். அந்த நேரத்தில் வருகிற முகம்தான் அவருடையது. வெயில் வழியெல்லாம் சைக்கிளில் சுற்றிய நெற்றியில், ஜன்னல் வழியாக விழும் வானத்தின் நீலம் ஒரு கீற்று தெரியும். கறுத்த தோலில்தான் வானம் அப்படிப் பளிச்சென்று விழும். அது அடுத்த ஞாயிறும் வரும், கொஞ்சம் மாறி. பூசியது இன்னும் ஈரமாக இருந்தால் அந்த மாற்றத்தை அதற்குள்ளேயே இழைத்துவிடலாம். இறுகியிருந்தால் அதன்மேல் புதிதாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைக்கலாம்.

இப்படி நாட்களை அடுக்கி அடுக்கி வரைந்தவர்கள் முன்பும் உண்டு. 1899-ல் பாரிஸின் ஓவிய வியாபாரி அம்புவாஸ் வொலார் ஓவியர் செசானுக்கு மாடலாக உட்கார்ந்தார். வொலாரே எழுதிவைத்தபடி 115 தடவை. ஆப்பிளைப் போல ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும் என்பது செசானின் உத்தரவு. ஒருமுறை வொலார் தூங்கிப்போய் நாற்காலியோடு மேடையிலிருந்து விழுந்திருக்கிறார். அத்தனைக்குப் பிறகும் படம் முடியவில்லை. சட்டையின் முன்பக்கம் மட்டும் பரவாயில்லை என்ற அளவில் செசான் நிறுத்திக்கொண்டார். கையில் நிறம் படாத சின்னஞ்சிறு இடங்கள் இரண்டு. சரியான நிறம் அகப்படாமல் அவற்றை நிரப்பினால் படம் முழுவதையும் மறுபடி தொடங்க வேண்டும் என்று விட்டுவிட்டார்.

இந்த விஷயத்தில் ஃபிராய்ட் அவருக்கு நேர் எதிர். 2002-ல் சக ஓவியர் டேவிட் ஹாக்னி அவருக்கு நூறு மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்தார். ஃபிராய்ட் அவரைப் பேசவிட்டார். பேசும்போது முகத்தில் எது எதை இழுத்துக்கொண்டு நகர்கிறது என்று பார்க்க வேண்டுமாம். பதிலுக்கு ஹாக்னி அவரை வரைந்தபோது ஃபிராய்ட் உட்கார்ந்தது சில மணி நேரம்தான்.

ஃபிராங்க் அவர்பாக் இன்னும் தூரம் போனார். லண்டன் கேம்டனில் ஒரே ஸ்டூடியோவில் 1954 முதல் வேலை செய்தவர், 2024-ல் காலமானார். ஜே.ஒய்.எம். என்று படத்தலைப்புகளில் வருகிற பெண்மணி 1956-ல் தொடங்கி 1997 வரை, வாரம் இரண்டு நாள் அவருக்கு உட்கார்ந்தார். நாற்பத்தொரு வருஷம்! அன்றைய முகம் சரியில்லை என்று தோன்றினால் அவர்பாக் பூச்சு முழுவதையும் வழித்து எறிந்துவிடுவார். அடுத்தமுறை அதே கேன்வாஸில் முதலிலிருந்து. மாதக்கணக்கில் வழித்து வழித்து, ஒருநாள் ஒரே மூச்சில் வந்துவிடும் முகம்தான் நிற்கும். எண்ணெய் மெதுவாக இறுகுவதால்தான் வழிக்க முடிகிறது.

வேகமானவர்களும் உண்டு. 1892-ல் ஜான் சிங்கர் சார்ஜென்ட், லேடி ஆக்னியூவின் படத்தை ஆறே அமர்வில் முடித்தார். கேன்வாஸை மாடலின் பக்கத்திலேயே நிறுத்திவைத்து, சில அடி பின்னால் போய் இரண்டையும் ஒருசேரப் பார்ப்பார். விறுவிறுவென்று முன்னால் நடந்து வந்து ஒரு தீற்றல் வைத்துவிட்டு மறுபடி பின்னால் போவார். தலை சரியாக வராவிட்டால் ஒட்டுப்போட மாட்டார், முழுத் தலையையும் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்குவார். ஈரத்தின்மேல் ஈரமாக வேலை செய்த அவருக்கும் அந்த ஈரத்தை எண்ணெய்தான் கொடுத்தது.

இன்று செவ்வாய் இரவு. நாளைக் காலைக்குள் பிரதி ஆசிரியர் மேசையில் இருக்க வேண்டும். கண் இன்னும் வரவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் செய்ததெல்லாம் இரண்டு கண்குழிகளின் நிழலைப் போட்டதுதான். கருவிழிக்கு முன்னால் குழி வேண்டும். குழி இல்லாத கண் முகத்தின்மேல் ஒட்டவைத்த பொத்தானாக நிற்கும். அதை அடுத்த வாரம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிறுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. நேற்று மாலை அவர் வீட்டுக்கே போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாங்கனீசைச் சொன்னேன், எலும்புக்கரியைச் சொன்னேன், எண்ணெய் காற்றை இழுப்பதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். காயக் காய எடை கூடும் என்றதும் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

“எடை கூடுமா? அப்ப அந்தப் படத்தை எங்கயாவது அனுப்பணும்னா இப்பவே அனுப்பிரு தம்பி. அடுத்த மாசம்னா ஸ்டாம்பு கூட ஒட்டணும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாற்காலியும் சாக்பீஸ் கோடும் காலண்டரும் இல்லாத சிரிப்பு. அப்போது பார்த்தேன்: கன்னம் மேலே ஏறி, கீழ் இமையை அடியிலிருந்து தள்ளியது. இமையும் கருவிழியும் சந்திக்கும் கோட்டில் மெல்லிய ஈரம் நின்று, தெருவிளக்கு அதில் ஒரு புள்ளியாக ஏறியது. ஐந்து வாரமாக மேல் இமையையே அளந்துகொண்டிருந்திருக்கிறேன். அவருடைய கண் கீழ் இமையில் இருந்திருக்கிறது.

அந்த ஈரத்துக்கு எந்த வெள்ளை, எவ்வளவு எண்ணெய் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். கண்குழி நிழல் இன்னும் காயவில்லை. ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்கும்.

(தொடரும்)